மூன்று அங்குலம்

கண்ணு, இந்தக் கடிதத்தை நான் கவரில் போட்டு ஒட்டி உன் அம்மாவிடம் கொடுத்தனுப்பவில்லை. கிரவுண்டு கேட்டுக்குப் பக்கத்தில் மாட்ச் தேதி எழுதி ஒட்டுகிற பலகை இருக்கிறதே, அதில் ஒட்டப் போகிறேன். நீ படித்த பிறகு ஊரார் படித்தாலும் சரி, ஊரார் படித்துவிட்டு உன்னிடம் வந்து சொன்னாலும் சரி. பதினான்கு வருடத்துக்கு முன்னால் உன்னை நான் பேசிய பேச்சு நாலு பேர் முன்னால் பேசியது. அதற்குப் பதில் பேச்சும் நாலு பேர் முன்னால்தான் இருக்க வேண்டும். அது என்ன பேச்சு என்று உனக்குத் தெரியும். தெரியாதவர்கள் கடைசிவரை படித்தால் தெரிந்துகொள்வார்கள்.

திங்கட்கிழமை நீ ஓசூருக்குப் போகிறாயாம். உன் அம்மாதான் சொன்னாள். ஒரே வீட்டில் நீ மாடியில் இருக்கிறாய், நான் கீழே இருக்கிறேன். இரண்டு வருடமாக நமக்குள் பேச்சு கிடையாது. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் நீ சுவரோரம் ஒதுங்கி நின்று எனக்கு வழி விடுவாய். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டே இறங்குவேன். உன்னைப் பற்றிய சேதி எல்லாம் எனக்குச் சோற்றுத் தட்டோடுதான் வந்து சேர்கிறது. "செமிபைனல்ல தோத்ததுக்கு அவந்தான் காரணமாமா. பசங்களுக்குச் சரியா சொல்லிக்குடுக்கத் தெரியலைன்னு அவனே எழுதிக் குடுத்துட்டு வந்துட்டானுங்க. இனி டீமும் வேண்டாம், பந்தும் வேண்டாமாமா. ஓசூருல கம்பெனி வேலையாமா" என்றாள். கொஞ்சம் ரசம் ஊற்று என்றேன். அவள் கரண்டியைப் பாத்திரத்தில் போட்ட சத்தம் மாடி வரைக்கும் கேட்டிருக்கும்.

தோற்றதற்குக் காரணம் நீ இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் உன் பேரில் தப்பே இல்லை என்று எழுதினால் அது பொய். எனக்குப் பொய் எழுத வராது. அதனால் உன் தப்பையும் சொல்கிறேன், பசங்க தப்பையும் சொல்கிறேன், கடைசியில் என் தப்பையும் சொல்கிறேன். யாரும் என்னைக் கேட்கவில்லை என்பது தெரியும். இருபத்திரண்டு வருடம் அந்தக் கூடைப்பந்து கிரவுண்டில் கோச்சாக நின்று விசில் ஊதினவனைக் கேட்காமல் யாரைக் கேட்பார்களோ, அதுவும் தெரியவில்லை.

செமிபைனலை நான் பார்த்தேன். உனக்குத் தெரியாது. பட்டறையில் ஆக்சில் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு மதியமே பஸ் ஏறிச் சேலம் வந்துவிட்டேன். அந்தக் காலேஜ் உள்ளரங்கில் மேல் வரிசையில், தூணுக்குப் பின்னால், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நம் பசங்க மஞ்சள் பனியனில் ஓடி வந்தபோது துண்டை இன்னும் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டேன். பத்தொன்பது வயதைத் தாண்டினவன் ஒருத்தன்கூட இல்லை. இந்த வருடம் லீக் மாட்ச் எல்லாம் நம் கிரவுண்டில் நடந்தது, ஒன்றில்கூடத் தோற்கவில்லை. நான் அந்த மாட்ச்சுகளுக்கு வரவில்லை என்று நினைத்திருப்பாய். கோயில் மதில் ஓரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். நம்மவர்கள் பந்தைப் பிடித்த உடனே ஓடினார்கள். எதிராளி திரும்பிப் பார்ப்பதற்குள் ரிங்குக்குக் கீழே நின்றார்கள். ஊர் கை தட்டியது. நீயும் சிரித்தாய். நான் மட்டும் சிரிக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

லீக்கில் தோற்றவனுக்கு நாளைக்கு இன்னொரு மாட்ச் இருக்கிறது. அதனால் அவன் சோம்பலாகத் திரும்பி ஓடுவான். நம் பசங்களின் ஓட்டத்துக்கு அவன் சோம்பல்தான் தீனி. நாக்-அவுட்டில் நாளை என்பது கிடையாது. எதிராளி பந்தை எறிவதற்கு முன்னாலேயே இரண்டு பேரைப் பின்னால் நிறுத்திவிடுவான். ஓடிப் போய் அடிக்கிற வழி அடைபட்டுவிட்டது. இனி நின்று ஆட வேண்டும். பந்து இல்லாத நாலு பேர் குறுக்கே வெட்டி ஓட வேண்டும், ஒருவனுக்கு ஒருவன் மறைப்புக் கொடுக்க வேண்டும், இடம் மாற வேண்டும். நம் பசங்க என்ன செய்தார்கள்? பந்தைக் கவின் கையில் கொடுத்துவிட்டு, கல்யாண வீட்டில் இலை போடுவதற்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி நின்றார்கள். இருப்பதில் பெரியவன் அவன், பத்தொன்பது. அவன் அண்ணன், மற்றவர்கள் தம்பிகள். அண்ணன் இருக்கும்போது தம்பி முந்தக்கூடாது என்பது நம் பக்கத்துப் பசங்களுக்கு ரத்தத்தில் ஊறியது. பதினாறு வயதுப் பையன் ஒருவன் ஆள் இல்லாமல் ரிங்குக்கு நேராக நிற்கிறான், கையில் பந்து இருக்கிறது, அவன் அடிக்கவில்லை. "அண்ணா, நீங்க அடிங்கண்ணா" என்று கத்திவிட்டு, இரண்டு பேர் நடுவில் மாட்டிக்கொண்டிருந்த கவினிடம் எறிகிறான். பந்திக்கு முந்து என்றால் பிந்துகிற மரியாதை. என் காலத்தில் கிரவுண்டுக்குள் அண்ணன் என்ற சொல்லே கூடாது என்று வைத்திருந்தேன். மீறினவன் கோயிலைப் பத்துச் சுற்று ஓட வேண்டும். நீ கோச்சாக வந்த உடனே அதை எடுத்துவிட்டாய். "மரியாதைதானுங்களே, இருந்துட்டுப் போகட்டும்" என்று சொன்னாயாம். அது உன் தப்பு. அதில் நான் இறங்கி வரமாட்டேன்.

இன்னொன்று. ஒவ்வொரு பந்து தவறும்போதும் பசங்க பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். நீ திட்டவில்லை. கையை மெல்ல ஆட்டி, போகட்டும் போகட்டும் என்றாய். நீ யாரையும் திட்டுவதில்லை என்று ஊரே சொல்கிறது. யாருடைய திட்டைக் கேட்டுக் கேட்டு நீ அப்படி ஆனாய் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அதைப் பற்றி இந்த இடத்தில் எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

ஆனால் இதெல்லாம் பாதிக் காரணம். மீதிப் பாதியை எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு ஆள் சொன்னான். ஆத்தூர்ப் பக்கத்து ஆள், எதிர் டீமுக்குக் கை தட்ட வந்தவன். வாயில் வறுகடலையைப் போட்டுக்கொண்டே, "ஏங்க பெரியவரே, இந்த மஞ்சப் பசங்க நல்லாத்தான் ஆடுறாங்க. ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? பந்து ஒண்ணுகூட சைடுல போகல. எல்லாம் நேரா போயி முன் ரிங்குலயே முட்டித் திரும்புது" என்றான்.

நான் ரிங்கையே பார்த்தேன்.

"ஒருத்தன் ரெண்டு பேருன்னா கை சரியில்லைன்னு சொல்லலாம். அஞ்சு பேருக்குமா அப்படி இருக்கும்? இவங்க ஊர்ல ரிங்கு தணிவா இருக்குமோ என்னமோ!" என்று சொல்லிச் சிரித்தான்.

"வாய மூடிக்கிட்டு ஆட்டத்தப் பாருய்யா" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கடலைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு இரண்டு இடம் தள்ளி உட்கார்ந்தான்.

அவன் விளையாட்டுக்குச் சொன்னான். ஆனால் கண்ணு, அவன் சொன்னது சரி. நம் ரிங் தணிவுதான். மூன்று அங்குலம். அது எனக்கு இருபது வருடமாகத் தெரியும்.

ரிங்கைத் தாங்கி நிற்கிற அந்த இரண்டு போஸ்ட்டும் எப்படி வந்தன என்பது உனக்குத் தெரியும். பின்னால் வந்தவர்களுக்குத் தெரியாது. நான் படித்தது ஏழாவது. பதினாலு வயதில் லாரி பாடி கட்டுகிற பட்டறைக்கு வேலைக்குப் போனேன். பட்டறை மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு காலேஜ் மைதானம் இருந்தது. வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர்கள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டேன். எவனும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ரூல் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. பட்டறைக் கணக்குப்பிள்ளையை டீ வாங்கிக் கொடுத்துப் படிக்கச் சொல்லி, நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டேன். ரிங் பத்தடி உயரம். ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் தனியாக நின்று போடுகிற பந்து, அதற்கான கோடு போர்டிலிருந்து பதினைந்து அடி. அந்த நோட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. பிறகு ஊருக்கு வந்து பட்டறை வைத்து, கழித்துப் போட்ட லாரிகளின் அடிச்சட்டம், சேஸிஸ், இரண்டை நானே வெட்டி, நானே ஒட்டி, நாலடி ஆழத்தில் குழி தோண்டி நட்டேன். நட்ட அன்றைக்கு ஊர்ப் பெரியவர்கள் முன்னால் டேப்பை இழுத்துக் காட்டி, "பாடி கட்டறவன் அளவுங்க இது. முடி அளவுகூட பிசகாது" என்று சொன்னேன். அந்தச் சொல்தான் என்னைக் கெடுத்தது.

நீ ஆறாவது படிக்கும்போது மண் தரையை மூடி சிமெண்டுத் தளம் போட்டார்கள். ஒப்பந்தக்காரன் நல்லவன், மெல்லிசாக வேண்டாம் என்று மூன்று அங்குலம் கனமாகவே போட்டுவிட்டான். தளம் உயர்ந்தது, போஸ்ட் அப்படியே நின்றது. காய்ந்த மறுநாள் காலையில் யாரும் இல்லாதபோது நான் டேப்பைப் பிடித்துப் பார்த்தேன். ஒன்பதடி ஒன்பதங்குலம். அன்றைக்கே சேஸிஸை அறுத்து மூன்று அங்குலம் ஏற்றி ஒட்டியிருக்கலாம். எனக்கு அரை நாள் வேலை. லாரி பாடியில் கால் அங்குலம் பிசகினாலும் பலகையைப் பிரித்துப் போட்டுத் திரும்பக் கட்டுகிறவன் நான். ஆனால் ஊர் முன்னால் கேஸ் கட்டரோடு போய் நின்றால், என்ன ஆச்சு, பாடிக்காரன் அளவு பிசகிப் போச்சா என்று கேட்பார்களே என்று தோன்றியது. தளம் உயர்ந்ததால் வந்தது என்று சொன்னால் போதும், எந்தச் சின்னக் குழந்தைக்கும் புரியும். அதைச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. சின்னப் பசங்கதானே ஆடுகிறார்கள், தணிவாக இருந்தால் நல்லதுதான், வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு சொந்த கிரவுண்டில் நாம் ஜெயிக்க ஆரம்பித்தோம். ஜெயிக்கிறவன் டேப்பைத் தேடமாட்டான்.

ஒரு தடவை எடப்பாடி டீமின் கோச் வந்திருந்தார். மெதுவாக என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏனுங்க, ரிங்கு கொஞ்சம் தணிவா இருக்கறாப்ல தெரியுதுங்களே. அளந்து பாத்துக்கலாமுங்களா?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். நான் எல்லாரும் கேட்கிற மாதிரி, "உங்க பசங்களுக்குப் பந்து உழுவலைன்னா ரிங்கக் குத்தஞ் சொல்லாதீங்க. ஆடத் தெரியாத நாட்டியக்காரிக்குக் கூடம் கோணலாமா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் என் பக்கத்தில் நின்று, அப்பா எப்படி மடக்கிவிட்டார் பார் என்று பெருமையாகச் சிரித்தாய். உனக்குப் பதின்மூன்று வயது. அந்தச் சிரிப்பு எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

மூன்று அங்குலம்தானே, அதனால் என்ன ஆகிவிடும் என்று படிக்கிறவர்கள் கேட்கலாம். சாதாரண நாளில் ஒன்றும் ஆகாது. வெளியூரில் ஆடினால் நாலு பந்து போட்டுப் பார்ப்பான், கண் கணக்குப் போட்டுக்கொள்ளும், கை கொஞ்சம் தூக்கிப் போடும். ஆனால் நாக்-அவுட்டில் கண் வேலை செய்யாது. காது அடைத்துக்கொள்ளும், தொடை நடுங்கும். அந்த நேரத்தில் உடம்பு தனக்குத் தெரிந்த பழக்கத்துக்குத்தான் திரும்பிப் போகும். மாடு இருட்டில் தன் கொட்டாய்க்குப் போகிற மாதிரி. நம் பசங்களின் உடம்புக்குத் தெரிந்தது ஒன்பதடி ஒன்பதங்குலம். ஆயிரம் தடவை போட்டு மனப்பாடம் ஆன உயரம் அது. வயதில் மூத்த ஆட்டக்காரர்கள் பல ஊர் ரிங்கைப் பார்த்தவர்கள், சமாளித்துக்கொள்வார்கள். இவர்கள் ஒரே ரிங்கைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். அதனால்தான் நாம் ஒவ்வொரு வருடமும் லீக்கில் ஜெயித்து நாக்-அவுட்டில் சாகிறோம். ஒவ்வொரு வருடமும் நான் பசங்களைத் திட்டினேன். பயம், பயம் என்று திட்டினேன்.

உன்னையும் அப்படித்தான் திட்டினேன்.

உனக்குப் பதினேழு வயது. அதே சேலம், வேறு அரங்கு. ஒரு புள்ளி பின்னால் இருக்கிறோம், நேரம் முடிந்துவிட்டது, உனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. மாநில முகாமுக்கு ஆள் எடுக்கிறவர்கள் முன் வரிசையில் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். நம் கிரவுண்டில் தினம் காலையில் நூறு போடுவாய், தொண்ணூறுக்குக் குறையாமல் விழும். முதல் பந்து முன் ரிங்கில் முட்டித் திரும்பியது. இரண்டாவதும் அதே இடத்தில் முட்டித் திரும்பியது. நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது இரண்டும். நான் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தேன். திரும்பி உன் கைக்கே வந்த பந்தைப் பிடுங்கினேன். "பயந்தாங்கொள்ளி. பொட்டப்புள்ள மாதிரி கை நடுங்குது பாரு. இனி இதத் தொடாத" என்றேன். ரெஃபரி என் தோளைப் பிடித்து, "விடுங்க, சின்னப் பையன்" என்றார். அவர் கையையும் தட்டிவிட்டேன். நீ அழவில்லை. உன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். அதற்குப் பிறகு ஒரு மாட்ச்கூட நீ ஆடவில்லை. முகாமுக்கும் கூப்பிடவில்லை.

அந்த நேரத்தில் எனக்கு மூன்று அங்குலம் நினைவுக்கு வரவில்லை. அது நிஜம். ஆனால் அதோடு நிறுத்தினால் பொய்யாகிவிடும். திரும்பும்போது பஸ்ஸில் நீ டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாய், நான் நாலு சீட் தள்ளி. ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றது. ஒரு ஆள் நெய் டின்னோடு ஏறினான். அது எத்தனை அங்குல டின் என்று என் கண் பழக்கத்தில் அளந்தது. அளந்த உடனே டேப் ஞாபகம் வந்தது. நாலு சீட் தாண்டி வந்து, "சாமி, உம் மேல தப்பில்லை. ரிங்கு தணிவுடா" என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். ராசிபுரத்திலிருந்து ஊர் வந்து சேரும்வரை உன் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டு வந்தேன். நீ ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. இறங்கினோம். நீ முன்னால் நடந்தாய். நான் பின்னால் வந்தேன். சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த நாளைக்குப் பதினாலு வயது ஆகிவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் நன்கொடையாகப் புது போஸ்ட்டும் கண்ணாடி போர்டும் தருகிறேன் என்றார். நீதான் பேசி முடித்துக் கொண்டுவந்தாய். "அப்பா, பழசத் தூக்கிட்டு இத நட்டுக்கலாமுங்க. பசங்களுக்கு வெளியூரு ரிங்கு பழகும்" என்று கிரவுண்டு கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து சொன்னாய். அடக்கமாகத்தான் சொன்னாய். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "நா நட்ட போஸ்ட்டு மேல கை வெக்கறவன் என்ற பொணத்து மேல நடந்து போவட்டும்" என்றேன். என் உழைப்புக்கு மரியாதை இல்லையே என்ற கோபம் என்று எல்லாரும் நினைத்தார்கள். நீயும் அப்படித்தான் நினைத்தாய். அது பாதிதான். புது போஸ்ட் நட வந்தவன் பழையதை அளந்து பார்ப்பானே என்ற பயம் மீதி. பயந்தாங்கொள்ளி யார் என்று இப்போது எல்லாருக்கும் தெரியட்டும். அந்த போர்டு வேறு ஊருக்குப் போனது. அடுத்த மாதம் கமிட்டி எனக்கு ஒரு சால்வையைப் போர்த்தி, போதுங்க, ஓய்வெடுங்க என்று சொல்லிவிட்டு, உன்னைக் கோச் ஆக்கியது. நீ மாட்டேன் என்று சொல்வாய் என்று நினைத்தேன். நீ சொல்லவில்லை. அந்தச் சால்வை பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல் அப்படியே கிடக்கிறது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று இந்தக் கடிதத்தில் எழுதப்போவதும் இல்லை.

செமிபைனல் முடிந்த பிறகு நான் உடனே கிளம்பவில்லை. கீழே இறங்கும் வழியில், பசங்க உடை மாற்றுகிற அறைக்கு வெளியே, படிக்குப் பின்னால் நின்றேன். கவின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கடைசி இரண்டு ஃப்ரீ த்ரோவும் தவறவிட்டவன் அவன். இரண்டும் முன் ரிங். இரண்டு கையையும் மடியில் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். "நாந்தாங்கண்ணா தோக்கடிச்சுட்டேன். பயந்துட்டனுங்கண்ணா. கை நடுங்கிருச்சுங்க" என்றான். நீ அவன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவன் கை இரண்டையும் பிடித்துக்கொண்டாய். "உங் கையில ஒண்ணுமில்லீடா சாமி. எனக்குத்தான் சொல்லிக்குடுக்கத் தெரியல. பயந்தாங்கொள்ளிகிட்டப் படிச்சா பசங்களுக்கும் அதுதான வரும்?" என்றாய்.

நான் பேசிய சொல்லை நீ பதினாலு வருடமாக உன் பேராகவே வைத்துக்கொண்டிருக்கிறாய் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

நேற்று முன்தினம் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். முழுதும் கேட்டாள். முடித்த பிறகு, "ஏனுங்க, எவனோ ஓட்டற லாரிக்கு அளவு பிசகுனா ராவும் பகலும் பிரிச்சுக் கட்டுவீங்க. பெத்த பையனுக்குப் பிரிச்சுக் கட்ட மாட்டீங்களா?" என்று கேட்டாள். பூண்டை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். இன்றுவரை என்னோடு பேசவில்லை. நம் வீட்டில் இப்போது எனக்குப் பேச யாரும் இல்லை.

நேற்றுக் காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு கிரவுண்டுக்குப் போனேன். கவின் தனியாக நின்று ஃப்ரீ த்ரோ போட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றும் விழுந்தது. என்னைப் பார்த்ததும் பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றான். பட்டறையிலிருந்து ஏணி கொண்டுவரச் சொன்னேன். ஏறி, டேப்பின் கொக்கியை ரிங்கில் மாட்டிக் கீழே விட்டேன். முன்பு என்றால் மேலிருந்தே எண்ணைப் படித்துவிடுவேன், இப்போது கண்ணில் புரை. "தரையில என்ன காட்டுதுன்னு படி" என்றேன்.

அவன் குனிந்து பார்த்தான். "ஒம்பதடி ஒம்பதங்குலமுங்க."

"எவ்வளவு இருக்கோணும்?"

"பத்தடிங்க." திரும்பவும் குனிந்து பார்த்தான். "டேப்பு சரியானதுங்களா ஐயா?"

"டேப்பு சரிதான். தளம் போட்டப்பவே இப்படி ஆயிப்போச்சு. எனக்குத் தெரியும்."

அவன் ரிங்கைப் பார்த்தான். கையைப் பார்த்தான். எனக்கு வசவு வரும் என்று எதிர்பார்த்தேன், வாங்கிக்கொள்ளவும் தயாராகத்தான் ஏணியில் நின்றேன். அவன் வேறு ஒன்று கேட்டான்.

"அப்ப, நான் பயப்படலீங்களா ஐயா?"

கண்ணு, ஏணியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று எனக்குத் தெரியவில்லை. "இல்லீடா சாமி. உங் கை சரியாத்தான் இருந்துச்சு" என்றேன். அவன் பந்தை அப்படியே போட்டுவிட்டு, மற்ற பசங்களிடம் சொல்ல ஓடினான். பந்து உருண்டு போய் மதிலில் முட்டி நின்றது. பத்தொன்பது வயதுப் பையன் அதை அந்த நிமிஷமே கேட்டுவிட்டான். நீ கேட்கவே இல்லை. உனக்குக் கேட்கத் தோன்றாத மாதிரி நான் உன்னை வளர்த்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சேஸிஸை அறுத்து ஏற்றி ஒட்டப் போகிறேன். பகலில், ஊர் பார்க்கிற நேரத்தில், நானே. கமிட்டிக்கும் சொல்லியாகிவிட்டது. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் கட்டர் நெருப்பு தெரியும். நீ வர வேண்டும் என்று நான் கூப்பிடவில்லை. திங்கட்கிழமை போகாதே என்றும் சொல்லமாட்டேன். டீமை நீ நடத்தினாலும் சரி, வேறொருவன் நடத்தினாலும் சரி, கிரவுண்டுக்குள் அண்ணன் என்ற சொல் கூடாது என்பதை மட்டும் பசங்களிடம் சொல்லிவிட்டுப் போ.

ஓசூருக்கு நீ எடுத்துக்கொண்டு போகிற சாமான்களில், நான் அன்றைக்குச் சேலத்தில் உனக்கு வைத்த பேரை எடுத்துக்கொண்டு போகாதே. அது என்னுடையது, இங்கேயே விட்டுவிட்டுப் போ. அந்த இரண்டு பந்தும் நான் கட்டிய ரிங்குக்குச் சரியாகப் போயின. நூல் பிடித்த மாதிரி நேராகப் போயின. நான் பார்த்தேன். ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் சொல்லியிருக்க வேண்டியதை இந்தப் பலகையில் ஒட்டி வைக்கிறேன்: சாமி, உன் கை நடுங்கவில்லை.